கையேட்டின் ஒரு வரி

எழுதியவர் பெயர் பெரும்பாலும் அறியப்படாமலும், படிப்பவரின் நன்றியைப் பெறாமலும், நாள்தோறும் பல்லாயிரம் பேருக்குத் துணைநிற்கும் எழுத்து வகை ஒன்று உண்டு. கருவிகளுக்கான கையேடுகளைத்தான் சொல்கிறேன். தையல் இயந்திரத்தோடு வரும் சிறு நூல், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், கணிப்பொறி மென்பொருளோடு வரும் விளக்கப் பக்கங்கள் ஆகிய யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இலக்கியம் பேசும் இத்திங்களிதழில் இவற்றைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கடந்த சில ஆண்டுகளாக அத்தகைய கையேடு ஒன்றைப் படித்துத் திருத்தும் பணியில் நான் ஈடுபட்டு வருகிறேன். சொல்லைப் பற்றியும், சொல்லால் விளையும் நன்மை தீமைகளைப் பற்றியும் அப்பணியில் நான் கண்டவை இவ்விதழின் வாசகர்களுக்கு முற்றிலும் அயலானவை அல்ல என்று எண்ணியே எழுத முற்படுகிறேன்.

கணிப்பொறிக்கு நாம் இடும் ஆணைகளின் தொகுப்பை நிரல் என்கிறோம். எழுதுபவர் எத்துணைத் தேர்ந்தவராயினும் நிரலில் பிழைகள் புகுந்துவிடும். அவற்றைத் தேடிக் காண்பதற்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன, அக்கருவிகளும் நிரல்களே. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-ஆம் ஆண்டில் எழுதிய ஜி.டி.பி. அவற்றுள் ஒன்று. ஜூலியன் சீவார்டு உருவாக்கி 2002-இல் வெளியிட்ட வால்கிரிண்ட் மற்றொன்று. இவை திறந்த மூல மென்பொருள்கள். இவற்றின் உள்ளமைப்பை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். ஊதியம் பெறுவோரும் பெறாதோருமாகப் பல நாட்டவர் கூடி இவற்றை வளர்க்கின்றனர். நான் உழைக்கும் கருவி இவற்றைவிட மிகச் சிறியது. வால்கிரிண்ட் தரும் நீண்ட அறிக்கைகளை ஒழுங்குபடுத்தி, ஒன்றுபோல் உள்ளவற்றைச் சேர்த்து, பயில்வோர் கண்ணுக்கு எளிதாக்கிக் காட்டுவது அதன் வேலை. அதன் பெயர் இங்குத் தேவையில்லை.

வால்கிரிண்ட் என்னும் பெயரைப் பற்றி மட்டும் ஒரு சொல். பழைய வட ஐரோப்பியப் புராணத்தில் மாண்ட வீரர்கள் தங்கும் பெருமண்டபத்தின் தலைவாயிலுக்கு அப்பெயர். முதலில் தேவர்களின் காவலனாகிய ஹைம்தாலின் பெயரையே இதற்கு இட எண்ணியிருந்தார்களாம். இரவிலும் பகலிலும் நெடுந்தொலைவு காண்பவன், புல் வளரும் ஓசையையும் கேட்பவன் அவன். ஆனால் வேறொரு மென்பொருள் அப்பெயரை முன்னரே பெற்றுவிட்டது. இவ்வளவையும், பெயரை எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையும்கூட, வால்கிரிண்டின் கையேட்டோடு வரும் வினா விடைப் பகுதி சொல்லித் தருகிறது. இத்தகைய கனிவுள்ள கையேடுகள் மிகுதியாக இல்லை.

வால்கிரிண்டின் உள்ளே மெம்செக் என்றொரு பகுதி இருக்கிறது. ஒரு நிரல் ஓடும்போது அதன் ஒவ்வோர் அசைவையும் இது உடனிருந்து கவனிக்கிறது. அதனால் நிரல் வழக்கத்தைவிட 20 முதல் 30 மடங்கு மெதுவாக நடக்கும். கவனிக்கப்படுவது நினைவகம். நிரல் தனக்கு வேண்டிய இடத்தை நினைவகத்தில் கேட்டுப் பெறுகிறது. வேலை முடிந்தபின் திருப்பித் தரவேண்டும். தராமல் விட்டால் கசிவு. பெற்ற இடத்தில் தான் ஒன்றும் எழுதாமலே அங்குள்ளதைப் படித்துப் பயன்படுத்தினால் அது மற்றொரு குறை. வாடகை வீட்டுக்குக் குடிவந்தவர், முன்னிருந்தவர் அடுக்களையில் விட்டுச்சென்ற டப்பாவைத் திறந்து, உள்ளிருப்பது சர்க்கரையா சோடா உப்பா என்று பாராமல் காப்பியில் இட்டுக் குடிப்பதைப் போன்றது அது. சில நாள் இனிக்கலாம். எல்லா நாளும் இனிக்குமென்று கூற இயலாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எழுதப்படாத இடத்திலிருந்த மதிப்பை நிரல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்வதை மெம்செக் குற்றமாகச் சொல்வதில்லை. அதை நகல் எடுத்தாலும், மேலும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தாலும் அது வாய் திறவாது. அம்மதிப்பைக் கொண்டு நிரல் ஒரு முடிவெடுக்கும்போது, அதாவது இவ்வழி செல்வதா அவ்வழி செல்வதா என்று தேர்ந்துகொள்ளும்போது, அல்லது அதனை வெளியே அனுப்பும்போதுதான் குரல் கொடுக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்ற பாடம் நினைவுக்கு வருகிறதல்லவா? மனத்தில் ஓர் எண்ணம் நிழலாடுவது வேறு, மனம் அதற்கு இசைவது வேறு. கருவியை ஆக்கியோர் அறநூல் கற்றுத்தான் இம்முடிவுக்கு வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நகலெடுப்பதையெல்லாம் குற்றமெனக் கூறினால் அறிக்கை மலைபோல் குவிந்து, உண்மைக் குறை அதனடியில் புதைந்துபோகும். அவர்களை இதற்கு இட்டுச் சென்றது பட்டறிவே.

ஆனால் இதனால் ஒரு தொல்லையும் விளைகிறது. எச்சரிக்கை எழும் இடம் ஒன்று. குறை பிறந்த இடம் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கலாம். குறையின் பிறப்பிடத்தைத் தேடித்தரும் விருப்பம் ஒன்றும் கருவியில் உண்டு. அதை வேண்டினால் வேகம் இன்னும் குறையும். ஆகவே இவ்வகைக் கருவிக்குக் கையேடு எழுதுபவரின் முதற்கடமை, கருவி என்ன சொல்கிறது என்பதோடு அது என்ன சொல்லவில்லை என்பதையும் எடுத்துரைப்பதாகும். நான் படித்த கையேடுகளில் மிகப் பல இந்த இரண்டாம் கடமையை மறந்தே எழுதப்பட்டவை.

திருத்தும் வேலை எப்படி நடைபெறுகிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பகுதி சலிப்பூட்டும் வேலைதான். கருவியின் புதிய பதிப்பை முன்பின் பயன்படுத்தாத ஒரு கணிப்பொறியில் நிறுவ வேண்டும். பிறகு கையேட்டின் முதல் வரியிலிருந்து தொடங்கி, அது சொல்வதை அப்படியே செய்ய வேண்டும். நம் அறிவைத் துணைக்கழைக்கக் கூடாது. ஓர் ஆணையைத் தட்டச்சிடு என்று இருந்தால் அதை மட்டும் இட்டுப் பார்க்க வேண்டும். விடையாகத் திரையில் இன்னது தோன்றும் என்று அச்சிட்டிருந்தால், தோன்றியதோடு அதை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். மூன்று பதிப்புகளுக்கு முன்னரே நீக்கப்பட்ட விருப்பம் ஒன்று இன்னும் அதிகாரம் நான்கில் உயிரோடு இருக்கும். படத்தில் ஒரு பெயர், விளக்கத்தில் வேறொரு பெயர் இருக்கும். இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, மாற்றம் ஒவ்வொன்றையும் தனித்தனியே, காரணத்தோடு முன்வைக்க வேண்டும். மற்றவர் படித்து ஏற்பார் அல்லது மறுப்பார். காற்புள்ளி ஒன்றுக்காக இரண்டு நாள் நடந்த உரையாடலும் உண்டு.

சில சொற்களை நான் கண்ட இடத்திலேயே நீக்கிவிடப் பரிந்துரைப்பேன். ‘எளிதில்’, ‘வெறுமனே’, ‘தெளிவாகத் தெரிகிறபடி’ என்பன அவற்றுட் சில. பிழைகாண் கருவியின் கையேட்டை எவரும் ஓய்வாகச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து படிப்பதில்லை. நிரல் நின்றுபோய், காரணம் புலப்படாமல், காலையில் மேலாளருக்கோ பேராசிரியருக்கோ விடை சொல்லவேண்டிய நிலையில், நள்ளிரவில்தான் அதைத் திறக்கிறார்கள். அந்நேரத்தில் ‘இதை எளிதில் செய்யலாம்’ என்ற வரியைப் படித்து, செய்ய முடியாமற்போனால், அவர் கருவியைக் குறை சொல்வதில்லை; தம்மையே நொந்துகொள்கிறார். தேவையற்ற ஒரு சொல்லால் ஒருவரை அந்நிலைக்கு ஆளாக்க நமக்கு என்ன உரிமை?

கையேட்டைத் திருத்தும் உரிமை எவருக்கும் இருப்பது இத்துறையின் நல்ல மரபு. கட்டற்ற மென்பொருளுக்கு அதே போன்ற கட்டற்ற கையேடும் வேண்டும் என்று ஸ்டால்மன் நெடுங்காலம் வாதிட்டு வந்திருக்கிறார்; அவ்வகைக் கையேடுகளுக்கென்று தனி உரிமமும் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கருவி மாறும்போது அதன் கையேட்டை மாற்ற அனுமதி இல்லையென்றால், நேற்றைய உண்மை இன்றைய பொய்யாக நின்றுவிடும். மற்றொரு மரபையும் நான் விரும்புகிறேன். கணிப்பொறியியல் பேரறிஞர் டொனால்டு குனூத், தம் நூல்களில் ஒரு பிழையை முதலில் சுட்டிக்காட்டுபவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பும் வழக்கத்தை மேற்கொண்டிருந்தார். பெற்றவர்கள் பெரும்பாலும் அதை வங்கியில் இடாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். 2008-க்குப் பின்னர் காசோலைக்கு மாற்றாக ஒரு கற்பனை வங்கியின் சான்றிதழை அனுப்பலானார். லூத்தரன் சபையைச் சேர்ந்த இவர், விவிலிய நூல்களின் மூன்றாம் அதிகாரத்துப் பதினாறாம் வசனங்களை மட்டும் எடுத்து ஆராய்ந்து ஒரு நூலே எழுதியவர் என்பது நம் வாசகர்களுக்கு இனிக்கும் செய்தி. தம் பிழையைச் சுட்டுபவரைப் பரிசளித்துப் போற்றும் எழுத்தாளர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்வியை நான் எழுப்பப் போவதில்லை.

இனி, தலைப்பில் குறிப்பிட்ட அந்த ஒரு வரிக்கு வருகிறேன். எங்கள் கையேட்டின் ஐந்தாம் அதிகாரத்தில், எழுதப்படாத நினைவகம் பற்றிய எச்சரிக்கைகளில் ஒருவகையை விளக்கிய இடத்தில், ‘இவை பெரும்பாலும் தீங்கற்றவை, அந்த வரியை நீக்கிவிட்டால் எச்சரிக்கை மறைந்துவிடும்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. கருவியைத் தொடங்கிய பெரியவரே அதை எழுதியவர். பல ஆண்டுகளாக எவரும் அதைப் பற்றி வினவியதில்லை. அதைப் படித்த மாத்திரத்தில் எனக்கு 2008-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

நிகழ்ந்தது இது. இணையத்தில் செய்திகளை மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில், எவராலும் ஊகிக்க முடியாத எண்களை உண்டாக்கும் பகுதி ஒன்று உண்டு. இரகசியத் திறவுகோல்கள் அவ்வெண்களிலிருந்தே பிறக்கின்றன. அப்பகுதியில் ஒரே வடிவில் அமைந்த இரண்டு வரிகள் வெவ்வேறு இடங்களில் இருந்தன. முதலாவது வரி, பல மூலங்களிலிருந்து வரும் ஊகிக்க முடியாத மதிப்புகளைக் கலக்கும் உயிர்நாடி. இரண்டாவது வரி, எழுதப்படாத இடத்தில் தற்செயலாகக் கிடப்பதையும் சேர்த்துக் கலக்கும் ஓர் உபரி, நீக்கினாலும் தீங்கில்லை. வால்கிரிண்ட் போன்ற கருவிகளின் எச்சரிக்கைகள் இவ்விரு வரிகளுக்கும் இட்டுச் சென்றன. டெபியன் என்னும் இயங்குதளத் தொகுப்பில் அம்மென்பொருளைப் பேணியவர் 2006-இல் இரண்டு வரிகளையும் செயலிழக்கச் செய்தார். அவர் தான்தோன்றியாகச் செய்யவில்லை. மூல மென்பொருளை எழுதியோரிடம் கேட்கவும் செய்தார். தடை ஏதும் எழவில்லை. எச்சரிக்கைகள் மறைந்தன. அமைதி நிலவியது.

அந்த அமைதி ஏறத்தாழ இருபது மாதம் நீடித்தது. அக்காலத்தில் டெபியனிலும், அதன் வழிவந்த உபுண்டு முதலியவற்றிலும் உண்டான திறவுகோல்கள் அனைத்தும் வலுவிழந்தவையாயின. கலக்கப்பட வேண்டிய மதிப்புகள் கலக்கப்படவில்லை. ஓடும் நிரலுக்குக் கணிப்பொறி இடும் வரிசை எண் ஒன்றே மிஞ்சியது. அதனால் ஒவ்வொரு வகைத் திறவுகோலும் ஏறத்தாழ 32,000 வடிவங்களுள் ஒன்றாகவே அமைய முடிந்தது. எண்ணிக்கையில் அடங்காதிருக்க வேண்டிய பூட்டுகளை ஒரு பிற்பகலில் திறந்துவிடலாம் என்ற நிலை. லூசியானோ பெல்லோ என்பவர் இதைக் கண்டுபிடித்தார். 2008 மே 13-ஆம் நாள் செய்தி வெளியானதும், உலகெங்கும் கணிப்பொறிகளைப் பேணுவோர் பழைய திறவுகோல்களைக் களைந்து புதியவற்றை ஆக்க விரைந்தனர்.

பின்னர் அந்த மூல நிரலைப் படித்துப் பார்த்தவர்களின் கண்ணில் பட்ட ஒரு செய்தி என் உள்ளத்தை விட்டு இன்றும் அகலவில்லை. இரண்டு வரிகளுள் தீங்கற்ற உபரி வரிக்கு அருகில் ஒரு குறிப்பு இருந்தது: ப்யூரிஃபை என்னும் பிழைகாண் கருவி இதைக் குறித்து முறையிடுகிறது என்ற பொருளில் இரண்டே ஆங்கிலச் சொற்கள். உயிர்நாடியான வரிக்கு அருகிலோ ஒன்றுமே இல்லை. இவ்வரி ஏன் இங்கிருக்கிறது, இதை நீக்கினால் என்னவாகும் என்று ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருந்தால், அந்த நல்ல மனிதர் தம் கையை நிறுத்தியிருப்பார் என்றே நான் நம்புகிறேன். பலரும் அவரைத் தூற்றினார்கள். என்னால் அதில் சேர முடியவில்லை. எச்சரிக்கையைக் கண்டார், காரணம் தேடினார், கேட்டார். எழுதப்படாத ஒன்றைப் படிக்க எவரால் முடியும்?

இதையெல்லாம் எடுத்துக்காட்டி அந்த வரியை மாற்றவேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். பெரியவர் இணங்கவில்லை. அவருடைய மறுப்பு கனமானது. அதனால் அதனை முழுமையாகவே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் அச்சுறுத்திக்கொண்டிருக்கும் கையேட்டை எவரும் படிப்பதில்லை என்றார். கருவி காட்டும் ஒவ்வொரு குறிப்பையும் பெருங்குற்றமாக எண்ணி, நாட்கணக்கில் அல்லலுறும் மாணவர்களைத் தாம் கண்டிருப்பதாகவும், அவர்களுடைய மனப்பாரத்தைக் குறைக்கவே அவ்வரியை எழுதியதாகவும் கூறினார். உண்மைதான். மெம்செக் அறிக்கையின் இறுதியில் கசிவுகளை வகைப்படுத்தி ஒரு பட்டியல் வரும். அதில் ‘ஸ்டில் ரீச்சபிள்’ என்ற வகை, நிரல் முடியும் வரை கைக்கெட்டும் நிலையிலேயே இருந்து, திருப்பித் தரப்படாத நினைவகத்தைக் குறிப்பது. நடைமுறையில் அது பெரும்பாலும் கேடற்றது. வால்கிரிண்டின் கையேடே அப்படித்தான் ஆறுதல் சொல்கிறது. ஆயினும் அந்த எண் சுழியமாகும் வரை உறங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

புனித லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலின் இறுதியில், மனச்சஞ்சலங்களைப் பற்றிய குறிப்புகள் சில உண்டு. தரையில் குறுக்காகக் கிடந்த இரு வைக்கோல் துரும்புகளை அறியாமல் மிதித்துவிட்டு, சிலுவையை மிதித்த பாவத்துக்கு ஆளானோம் என்று தானே தீர்ப்பிட்டுக்கொள்பவரை அவர் அங்கே எடுத்துக்காட்டுகிறார். அது சஞ்சலம் அன்று, தவறான தீர்ப்பே என்பது அவர் கருத்து. மிதித்தபின், பாவம் செய்தோமோ இல்லையோ என்று உள்ளம் இருபுறமும் அலைவதே உண்மையான சஞ்சலம் என்று பிரித்துக் காட்டுகிறார். பதினாறாம் நூற்றாண்டின் அந்நூலும் ஒரு கையேடுதான்; பயிற்சி செய்பவரைவிட, பயிற்சி அளிப்பவரை முன்னிட்டே எழுதப்பட்ட கையேடு. பெரியவரின் மறுப்பைப் படித்தபோது, அவர் துரும்பை மிதித்தவர்களுக்காகப் பேசுகிறார் என்று உணர்ந்தேன். நானோ உண்மையிலேயே பூட்டு உடைந்துபோனவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். இருவகை வாசகரும் அதே பக்கத்தைத்தான் திறப்பார்கள்.

மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. நான் எழுதித் தந்த ஐந்து வாக்கியங்களை அவர் இரண்டாகச் சுருக்கினார். இவ்வகை எச்சரிக்கை எப்போதும் குற்றத்தைக் காட்டுவதில்லை என்பது ஒன்று. அதை அடக்கும்பொருட்டு எந்த வரியையும் நீக்குமுன், அவ்வரி ஆற்றும் வேலையை அறிந்துகொள்ளுங்கள். பிறரைக் கேட்பதாயின், அவ்வரியைத் தனியே காட்டாமல் அது அமைந்துள்ள பகுதி முழுவதையும் காட்டிக் கேளுங்கள் என்பது மற்றொன்று. கடைசிப் பகுதி என்னுடையதன்று. எங்களோடு பணியாற்றும் ஒரு கல்லூரி மாணவி சேர்த்தது. 2008-இன் கதையில் கேட்டும் பயனில்லாமற்போன காரணத்தை அவள் எங்கள் இருவரையும்விடக் கூர்மையாகப் பார்த்திருந்தாள்.

மாற்றம் வெளியானதும் முறையீடுகள் வந்தன. அளவில் சில, குரலில் பெரியவை. பழைய வரியே நன்றாக இருந்தது, அதை நம்பித்தான் எங்கள் அலுவலகக் குறிப்பேட்டை எழுதினோம், இப்போது அதையும் மாற்ற வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இதனைப் படித்து நான் சிரித்துக்கொண்டேன். ஏனெனில் திருத்துவோர் இத்தகைய முறையீட்டைக் கேட்பது 1,600 ஆண்டுகளாக நடந்துவருவது.

புனித எரோணிமுசை நாம் மொழிபெயர்ப்பாளர்களின் பாதுகாவலர் என்று போற்றுகிறோம். அவர் பணி திருத்தத்தில்தான் தொடங்கியது. இலத்தீன் நற்செய்திகளின் படிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டுக் கிடந்த நிலையில், திருத்தந்தை தமாசு ஏறத்தாழ 382-இல் அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். பின்னர் பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தே பெயர்த்தார். யோனா நூலில், நினிவே நகருக்கு வெளியே இறைவாக்கினருக்கு நிழல் தந்த செடி வரும் இடத்தில், மக்கள் வழிவழியாகக் கேட்டுவந்த சுரைக்கொடியை நீக்கிவிட்டு வேறொரு கொடியின் பெயரை இட்டார். வட ஆப்பிரிக்காவில் ஓயா என்னும் நகரில் (இன்றைய லிபியாவின் திரிபோலி) ஆயர் ஒருவர் இந்தப் புதிய பெயர்ப்பைக் கோவிலில் வாசிக்கச் செய்தார். அவ்வளவுதான், மக்களிடையே பெருங்குழப்பம் எழுந்தது. தம் மந்தையை இழந்துவிடாதிருக்க, ஆயர் பழைய சொல்லுக்கே திரும்ப நேர்ந்தது. 403-ஆம் ஆண்டு புனித அகுஸ்தினார் இதை எரோணிமுசுக்கு எழுதித் தெரிவித்தார். அவர் கவலை, மக்களின் அமைதி குலைகிறதே என்பது.

எரோணிமுஸ் எழுதிய மறுமொழியைக் கையேடு எழுதும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். அவர் சொன்னதன் சாரம் இது. எபிரேய மூலத்தில் உள்ள செடிக்கு இலத்தீனில் பெயரே இல்லை. எபிரேயச் சொல்லை அப்படியே வைத்தால் எவருக்கும் விளங்காது. சுரை என்று வைத்தால் மூலத்தில் இல்லாததைச் சொன்னதாகும். ஆகவே முன்னைய பெயர்ப்பாளர்கள் சிலரைப் பின்பற்றி ஒரு சொல்லை இட்டேன் என்கிறார். அவர் விவரிக்கும் செடியோ அகன்ற இலையோடு விரைந்து வளர்ந்து, தன் தண்டிலேயே நிற்பது. நம்மூர் ஆமணக்கை நேரில் கண்டு எழுதியது போலிருக்கும். ஆமணக்கு என்ற சொல் கைவசம் இருக்கும் மொழியில் பிறந்த நமக்கு, அந்த வசனத்தில் அவர் பட்ட பாடு இல்லை. ஆனால் வேறிடங்களில் நமக்கும் அதே பாடுதான்.

இவ்வாண்டு எங்கள் சிறு கையேட்டின் முதல் மூன்று அதிகாரங்களைத் தமிழில் தரும் முயற்சியைத் தொடங்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் தடுமாறும் பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதே காரணம். ஆணைகள், விருப்பங்கள் எல்லாம் தொல்லை தரவில்லை. கசிவுப் பட்டியல் வந்ததும் பேனா நின்றுவிட்டது. ‘டெபினிட்லி லாஸ்ட்’ என்ற முதல் வகைக்கு ‘உறுதியாகத் தொலைந்தது’ என்றெழுதினேன். மறுநாள் படித்தபோது நிறைவளிக்கவில்லை. இங்கே நினைவகம் எங்கும் போய்விடுவதில்லை. அது இருந்த இடத்திலேயே, இருந்தபடியே இருக்கிறது. அதன் முகவரியை வைத்திருந்த நிரல் அம்முகவரியைத்தான் கைவிட்டுவிட்டது. இனி அதைத் தேடிச் செல்ல வழியில்லை. லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில், விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் பெண்ணின் நாணயமும் வீட்டுக்குள்ளேயேதான் கிடக்கிறது. ஆனால் அப்பெண்ணிடம் துடைப்பம் இருந்தது. நிரலிடம் அதுவும் இல்லை.

‘காணாமற்போனது’ என்று நம் மக்கள் சொல்லும் சொல் பொருத்தமாகத் தோன்றுகிறது. போனது பொருளன்று, காணும் ஆற்றலே என்ற பொருள் அதில் ஒளிந்திருக்கிறது. ஆனால் தொழில்நுட்பப் பக்கத்தில் அது உரைநடைக்குச் சற்று நீளம் என்று நண்பர் ஒருவர் கருதுகிறார். ‘இழந்தது’ போதும் என்பது அவர் கட்சி. ‘ஸ்டில் ரீச்சபிள்’ என்பதற்கு ‘இன்னும் எட்டக்கூடியது’ என்று வைத்திருக்கிறோம். அதில் கருத்து வேறுபாடு இல்லை. முதல் வகையை இரு சொற்களோடும் எழுதி, மாணவர் நால்வரிடம் கொடுத்திருக்கிறேன். அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு, எந்தச் சொல் தங்களைச் சரியான வரிக்கு இட்டுச் செல்கிறது என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். இருவர் விடை எழுதியிருக்கிறார்கள். அவர்களும் ஆளுக்கொரு பக்கமாகவே நிற்கிறார்கள்.